துண்டுக்குள் கொடுத்த கை

குரலைத் தணித்துப் பேசுகிறவர்களை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. நாசரேத்தில் வளர்ந்து, பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் நான். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை அப்படியே நின்றுவிடும். கழுத்தில் தொங்கிய விசில் வெறும் அலங்காரம்தான். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த பிறகு வேலையை விட்டுவிட்டு விளையாட்டுச் சாமான் கடை போட்டபோது, இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு நீ கடையில் உட்கார்ந்தால் வருகிற ஆளும் ஓடிவிடுவான் என்று என் அண்ணன் கேலி பேசினான். ஒருவரும் ஓடவில்லை. பள்ளிக்கூடம், காலேஜ், துறைமுகத் தொழிலாளர் கிளப் என்று எல்லாரும் எங்களிடம்தான் வாங்கினார்கள்.

கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற தெருவில் சின்னக் கடை. புட்பால், வாலிபால், வலை, கேரம்போர்டு, ஹாக்கி மட்டை எல்லாம் இருக்கும். கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு ஏர்கன்னும் அதற்கான ஈய ரவையும் வைத்திருந்தோம். கருவாடு காயப் போடுகிறவர்கள் காக்காய் விரட்ட வாங்கிப் போவார்கள். துப்பாக்கி மாதிரி ஒன்று தொங்குகிற கடை என்பதால் நிஜத் துப்பாக்கிக்குத் தோட்டா கேட்டும் ஆள் வரும். லைசென்ஸ் வைத்திருந்த பண்ணையார்களுக்கு வருஷத்துக்கு இவ்வளவு தோட்டாதான் என்று சர்க்கார் அளவு வைத்திருந்தது. கௌதாரி சுடுகிறவர்களுக்கு அது எப்படிக் காணும்? ஏதாவது வந்தால் சொல்லுங்கள் டீச்சர் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். வராது என்று நானும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். தோட்டா விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும், அது எங்களிடம் இல்லை.

அதுவும் அது எமர்ஜென்சி காலம். கடத்தல் சரக்கு என்று சந்தேகம் வந்தாலே போதும், ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது விடுவார்கள் என்று கேட்க நாதி கிடையாது. எங்கள் தெருவிலேயே அப்படிப் போன ஒருவர் கோவில் திருவிழாவுக்கும் வரவில்லை, மகள் கல்யாணத்துக்கும் வரவில்லை. அதனால் ஊரில் எல்லாரும் கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொண்டே வாழ்ந்தோம்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வாயிலிருந்து சத்தமே வராது. யாருக்கும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். அதற்குக் காரணம் அவர் வளர்ந்த விதம். என் மாமனார் முத்து வியாபாரி. சலாபம் நடந்த காலத்தில், அதாவது கடலில் முத்துக் குளிக்க சர்க்கார் அனுமதி கொடுத்த வருஷங்களில், கரையில் கொட்டிக் கிடக்கும் சிப்பிக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து வியாபாரம் செய்தவர். அந்த வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். முழுக் கையைப் பிடித்தால் ஒரு தொகை, ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, விரல் கணுவை அழுத்தினால் இன்னொரு தொகை. சுற்றிலும் பத்துப் பேர் நின்றாலும் என்ன விலை என்று அந்த இருவருக்குத்தான் தெரியும். முகத்தில் ஓர் அசைவும் இருக்காது. கடைசியில் கையை முழுசாகப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினால் முடிந்தது. பிறகு யாரும் மாற மாட்டார்கள். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. நஷ்டமே வந்தாலும் கொடுத்த கையை என் மாமனார் எடுத்ததில்லை என்று ஊரில் பேர்.

இதில் இன்னொரு பழக்கமும் உண்டு. வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது எதிராளியை அவமதிப்பது. நடக்கவே நடக்காத ஒரு அடிமாட்டு விலையை விரலில் சொல்வார்கள். எதிராளி புரிந்துகொண்டு சிரித்தபடி கையை உருவிக்கொள்வான். மரியாதையாக முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் இளவட்டமாக அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். சலாபம் நின்றுபோய், மாமனாரும் போய்ச் சேர்ந்து, இவர் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க்காக இருந்து, பிறகு அதையும் விட்டுவிட்டு என்னோடு கடையில் உட்கார்ந்தார். பழக்கம் மட்டும் கையிலேயே இருந்தது.

பள்ளிக்கூடங்களில் போட்டிகள் நடக்கிற பருவம். ஒரு நாள் காலையில் தோல் பந்துக்குள் பிளாடரைத் திணித்து வாயை வாரால் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஜலந்தரிலிருந்து ரயிலில் வந்த பார்சலை எடுக்க ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு, விரலில் தடித்த மோதிரம். இன்னொருவன் சின்ன வயதுக்காரன், தோளில் நீளமான கான்வாஸ் பை. கிரிக்கெட் மட்டையெல்லாம் போட்டுக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. புதுத் துறைமுகம் வந்த பிறகு ஊரில் அன்னிய முகங்கள் ஏராளம், ஆகவே நானும் துறைமுக வேலைக்காரர்கள், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் என்றுதான் நினைத்தேன். பந்தை எடுத்துப் பார்த்தார்கள், மட்டையைத் தட்டிப் பார்த்தார்கள். கடையிலிருந்த மற்ற ஆள் வெளியே போகிறவரை காத்திருந்தார்கள். பிறகு வெள்ளைச் சட்டைக்காரன் கண்ணாடி அலமாரி பக்கம் வந்து குரலைத் தணித்தான்.

"அக்கா, ரவை மட்டுந்தானா? பெருசா ஏதும் வேணுமா?"

பெருசு என்றால் என்ன என்று நான் சாதாரணமாகத்தான் கேட்டேன். உள்ளங்கையைத் திறந்து ஒன்றைக் கண்ணாடிமேல் நிறுத்தி வைத்தான். சிவப்புக் காகித உறை, அடியில் பித்தளைத் தொப்பி. வேட்டைத் துப்பாக்கிக்குப் போடுகிற பன்னிரண்டு போர் தோட்டா. கப்பலில் வந்தது, இங்கே எங்கேயும் கிடைக்காது, பை நிறைய இருக்கிறது என்றான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாகக் கோபம்தான் வந்தது. என் கடைக்குள் வந்து, என் கண்ணாடிமேல் வைத்து, என்னிடமே ரகசியம் பேசுகிறானே!

என் மைதானக் குரலில் சொன்னேன், இது விளையாட்டுச் சாமான் விற்கிற கடை, அதை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள் என்று. அவன் அசரவில்லை. சிரித்தபடி தோட்டாவைக் கைக்குள் மூடிக்கொண்டு, அண்ணாச்சி வரட்டும், அவரிடம் பேசிக்கொள்கிறோம் என்றான். அண்ணாச்சி வந்தாலும் இதே பதில்தான் என்றேன். பரவாயில்லை, பார்த்துவிட்டே போகிறோம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். கழுத்தைப் பிடித்துத் தள்ளவா முடியும்?

கொஞ்ச நேரத்தில் பார்சல் வண்டி வாசலில் வந்து நின்றது. கூடவே என் வீட்டுக்காரர். நான் வாசலுக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்து இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டி நசுங்கியிருந்தது, அதைப் பற்றி வண்டிக்காரனோடு சண்டை. திரும்பிப் பார்த்தால் கடைக்குள் அவரும் வெள்ளைச் சட்டைக்காரனும் எதிரெதிரே நிற்கிறார்கள், நடுவில் அந்தத் துண்டு, துண்டுக்குள் என் வீட்டுக்காரரின் வலது கை. பெட்டியைத் தாண்டி நான் உள்ளே வருவதற்குள் துண்டு அவன் தோளுக்குப் போய்விட்டது. சின்னவன் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தான். சாயங்காலம் வருகிறோம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு இருவரும் தெருவில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தை வாங்க வேண்டியிருந்தது. வந்தவன் முதலில் வணக்கம் சொல்லி, முத்து அண்ணாச்சி மகன்தானே நீங்கள், உங்கள் அப்பா கையைப் பற்றி எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கிறேன் என்று குளிரக் குளிரப் பேசியிருக்கிறான். தோட்டாவைக் காட்டியிருக்கிறான். இவர் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் துண்டைப் போட்ட கையை நீட்டியிருக்கிறான். அவ்வளவுதான். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக உள்ளே போய்விட்டது. போனபிறகு மரியாதையாக மறுக்க வேண்டுமே என்று நடக்காத விலையை விரலில் சொல்லியிருக்கிறார். காயலான் கடைக்காரன்கூடக் கேட்க மாட்டான் அப்படியொரு விலை. அந்தப் பாவி சிரித்துக்கொண்டு கையை உருவவில்லை. முழுக் கையையும் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டான்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாததால் ஒரு பை தோட்டாவுக்குச் சொந்தக்காரராகிவிட்டாரே மனிதர்!

அவன் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. இன்றைக்குச் சும்மா கொடுப்பது மாதிரி கொடுத்தால் நாளைக்கு அடுத்த பையை மறுக்க முடியாது. ஒரு தடவை வாங்கியவன் அவன் ஆள். கடையில் சோதனை போட்டால் பிடிபடுகிறவரும் என் வீட்டுக்காரர்தான், அவனில்லை. நேரே போலீசுக்குப் போவோம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எங்கள் கடைக்கு ஏன் வந்தது என்று முதல் கேள்வி கேட்பார்கள், கை கொடுத்தேன் என்பதுதான் உண்மையான பதில், அதைச் சொன்னால் நம்மைத்தான் உட்கார வைப்பார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. பிறகு மெல்ல அவருடைய யோசனையைச் சொன்னார். சாயங்காலம் வருகிறவனுக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவது, பையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுவது. சொன்ன சொல்லும் நிற்கும், சரக்கும் தொலையும்.

"ஏளா, கை கொடுத்துட்டேன். அதை எப்படி எடுக்க?" என்றார்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு பைசா கொடுக்க விட மாட்டேன் என்றேன். கொடுத்தால் நாம் வாங்கினோம் என்றுதான் அர்த்தம், அதைக் கடலில் போட்டாலும் கறி வைத்துத் தின்றாலும் ஒன்றுதான் என்றேன். அவர் பையை எடுத்து மேசைக்குக் கீழே தள்ளப் போனார். அதையும் விடவில்லை. ஒளித்து வைத்தால் அது நம் சரக்கு, மேசைமேல் இருந்தால் அவன் மறந்து வைத்துவிட்டுப் போனது. வந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன். அன்று முழுவதும் அது எல்லார் கண்ணுக்கும் தெரிய அங்கேயேதான் இருந்தது.

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, ஒவ்வொரு ஆள் படியேறும்போதும் என் கண் அந்தப் பைமேலேயே போனது. வாங்க வந்தவர்கள் அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசினார்கள். ஒரு பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார், பை நன்றாக இருக்கிறதே, விலைக்கா என்று தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன டீச்சர் இப்படிக் கனக்கிறது, குண்டு எறிகிற குண்டா என்று கேட்டார். ஆமாம் சார், வேறொருத்தர் சரக்கு என்றேன். என் வீட்டுக்காரர் உள் அறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் நீங்கள் எப்போதாவது துண்டுக்குள் கை விட்டதுண்டா என்று கேட்டேன். அப்பா இருக்கும்போது நான் எப்படி விடுவேன், முதலாளி கைதான் கை, மற்றவன் விட்டால் அது செல்லாது என்றார்.

"அப்போ இந்தக் கடைக்கு முதலாளி யாரு?" என்றேன்.

அவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் என்னைப் பார்த்தார். கடை போட்ட சமயத்தில் அவர் ஆபீஸ் வேலையில் இருந்ததால் எல்லாம் என் பேரில்தான் எடுத்திருந்தோம். அவருக்கு அது மறந்தே போயிருந்தது. எனக்குந்தான். சாயங்காலம் அவன் வரும்போது இதைச் சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், உங்கள் கை செல்லாத கை என்று நானே சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றேன். உங்கள் சொல்லும் கெடாது, சரக்கும் போய்விடும். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது சம்மதமாகத்தான் பட்டது.

சாயங்காலம்தான் எங்களுக்கு வியாபார நேரம். துறைமுகக் கிளப் பையன்கள் ஷிப்டு முடிந்து பந்து வாங்க வந்திருந்தார்கள். காலேஜ் பையன்கள் வலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கடை நிறைய ஆள். அவர்கள் இருவரும் வாசலில் வந்து கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். நான் விடவில்லை. வாங்க, உங்கள் பை வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் பக்கம் போய்த் தோளிலிருந்து துண்டை எடுத்தான். நான் நடுவில் போய் நின்றேன்.

"துண்டு வேண்டாம். சரக்கு என்ன, விலை என்னன்னு வாயால சொல்லுங்க. நாலு பேருக்குக் கேக்கட்டும்."

பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்த பையன்கூட நிறுத்திவிட்டான். வெள்ளைச் சட்டைக்காரனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. என்னைப் பார்க்காமல் என் தலைக்குமேல் பேசினான்.

"வியாபாரம் உங்களுக்கும் எனக்கும் அண்ணாச்சி. பொம்பளைய நடுவுல நிறுத்துதீயளே. காலையில கை கொடுத்தீயளா, இல்லியா?"

இதற்குத்தான் நான் காத்திருந்தேன். பதில் நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். என் தோளில் ஒரு கை பட்டது. என் வீட்டுக்காரர் என்னை மெல்ல விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"கொடுத்தேன்," என்றார். "கடை இவ பேர்ல இருக்கு, என் கை செல்லாதுன்னு சொல்லித் தப்பிக்க மாட்டேன். கை என்னுதுதான். தப்பாக் கொடுத்துட்டேன். இப்ப எடுத்துக்கிடுதேன். பையைத் தூக்கிட்டுப் போங்க."

குரல் நடுங்கியது. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. என்ன ஏது என்று தெரியாமலே கிளப் பையன்கள் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றார்கள். சுமை தூக்கிப் பழகிய உடம்புகள். சின்னவன் யாரும் சொல்லாமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டைக்காரன் வாசற்படியில் நின்று திரும்பி, உங்கள் அப்பா பேரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கோ போட்டியில் ஜெயித்த பிள்ளையைத் தூக்கிச் சுற்றவேண்டும் போல அப்படி ஒரு சந்தோஷம். கலர் வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லியிருந்தால் பேர் கெட்டிருக்காதே என்று கேட்டேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை என்றார்.

ஊர் பேசியது. கடையில் நின்றவர்களில் யாரோ வெளியே சொல்ல, துண்டு வியாபாரத்தில் கொடுத்த கையை எடுத்தவன் என்று சங்கு சேர்த்து வைக்கிற கோடவுன், அதுதான் சங்குக் கிட்டங்கி, அந்தப் பக்கம் ஒரு பேச்சு ஓடியது. என்ன சரக்கு என்று யாருக்கும் தெரியாது, கையை எடுத்தான் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். கோவில் வாசலில் மாமனாரின் பழைய கூட்டாளி ஒருவர், என்ன மாப்பிள்ளை, கையைக் கழுவிட்டீயளாமே என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் அந்தத் தெரு வழியே போவதையே நிறுத்திவிட்டார். பேசுகிறவன் பேசட்டும், ஆள் வீட்டில் இருக்கிறார், ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம், எனக்கு வேறென்ன வேண்டும் என்று நான் இருந்தேன். அவருக்கு அது போதவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அப்படியே கொஞ்ச நாள் ஓடியிருக்கும். ஒரு நாள் கடை திறந்த சூட்டோடு ஒரு பெண் வந்தாள். அடுத்த தெருவில் கப்பலுக்குக் கயிறும் பாயும் விற்கிறவருடைய மனைவி. கோவிலில் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்குத் தலைகூடச் சீவாமல் வந்து நின்றாள். முந்தின நாள் அவர்கள் கிட்டங்கியில் போலீஸ் சோதனை போட்டிருக்கிறது. கயிற்றுக் கட்டுக்குப் பின்னால் ஒரு கான்வாஸ் பை. பை நிறையத் தோட்டா. ஆளைக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் வாசலிலிருந்து அந்தப் பை எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் என்னிடம் பேசவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"யாருகிட்ட வாங்குனேன்னு கேட்டு அடிக்காவ அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரக ஒரே பேச்சா நிக்காவ. கை கொடுத்துட்டேன், ஆளைக் காட்டிக் கொடுக்க மாட்டேன்னு. அப்போ சரக்கு உன்னுதுதான்னு எழுதப் போறாவளாம். அந்த ஆளுக முதல்ல இங்கனதான் வந்தாவன்னு கேள்விப்பட்டேன்."

அவளும் முத்து வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள்தான். அவள் புருஷனும் சலாபக் கரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்தான். அதே குலுக்கு, அதே பிடிவாதம். மாற மாட்டேன் என்று நின்ற அந்த மனிதர் உள்ளே இருந்தார், மாறிய என் வீட்டுக்காரர் வெளியே இருந்தார்.

என் மனசில் முதலில் வந்தது பயம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? நாம் தப்பித்தாயிற்று, மறுபடியும் போய்த் தலையை நீட்டுவதா என்றுதான் தோன்றியது. ஆனால் எதிரே அவள் நின்ற நிலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து செருப்பை மாட்டினேன். நான் போய்ச் சொல்கிறேன், என்னிடம்தானே முதலில் பேசினான், அவன் மோதிரம் எப்படி, சட்டை எப்படி, கூட வந்த சின்னவன் எப்படி எல்லாம் எனக்குத் தெரியும் என்றேன். நீங்கள் கடையைப் பாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரைப் போலீஸ் ஸ்டேஷன் பக்கமே விடக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

அவர் ஏற்கனவே கடையைச் சாத்தக் கதவுப் பலகைகளை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"நீ பாத்தே. கை கொடுத்தது நான்," என்றார். "என்னைய மாதிரி இன்னொருத்தன் வந்து சொன்னாத்தான் அவர் சொல்லுறதை நம்புவாக."

உங்களையும் உள்ளே வைத்துவிட்டால் என்று கேட்டேன். மைதானமே கேட்கப் பேசுகிறவளுக்கு அன்று குரல் வரவில்லை.

"வச்சா நீ கடையைப் பாத்துக்கோ. உன் கடைதானே," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மூன்று பேரும் நடந்து போனோம். வழியில் சங்குக் கிட்டங்கித் தெரு. அவர் சுற்றிக்கொண்டு போகவில்லை. அதன் நடுவிலேயே நடந்தார். வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டேஷன் படியில் கடைச் சாவியை என் கையில் கொடுத்தார். பெண்கள் வெளியே நில்லுங்கள் என்றார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவரை உள்ளேயே வைத்திருந்தார்கள், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். மறுநாள்தான் இவரையும் கயிற்றுக் கடைக்காரரையும் ஒன்றாக வெளியே விட்டார்கள். வழக்கு வெகுகாலம் இழுத்தது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் போய் நின்று சாட்சி சொன்னார், கயிற்றுக் கடைக்காரர் தண்டனை இல்லாமல் வந்தார். அதெல்லாம் பிறகு. நான் அந்தப் படியில் நின்றபோது இதில் ஒன்றும் தெரியாது. உள்ளே போன மனிதர் திரும்பி வருவாரா என்பதுகூடத் தெரியாது. அவர் பேசியது மட்டும் வெளியே நின்ற எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"முதல்ல எங்கிட்டதான் வந்தாங்க சார். நானும் கை கொடுத்தேன்."